ஏழாம் குழுவில் இரண்டு சம்பந்திகள்

மதிப்புக்குரிய பயிற்சி ஆசிரியை அவர்களுக்கு,

தாங்கள் இணையவழியில் நடத்தும் கிடங்கு மேலாண்மைப் பயிற்சியில் ஏழாம் குழுவைச் சேர்ந்தவனும், வகுப்பிலேயே வயதில் இரண்டாவது மூத்தவனுமான மாணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முதல் மூத்தவரைப் பற்றிக் கீழே நிறைய வரும். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதுவது முறை. எழுதியாயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

என்னைத் தயவுசெய்து ஏழாம் குழுவிலிருந்து விலக்கிவிடுங்கள். வேறு குழுவில் சேர்க்க வேண்டாம். என் பெயருக்கு எதிரே தேர்ச்சி பெறவில்லை என்று போட்டுவிட்டு, மீதி இருவரையும் தேர்ச்சி பெற வையுங்கள். முக்கியமாக அந்தப் பெண்ணை. பெயில் ஆக்கும்படி மாணவனே மனுப் போடுவது தங்கள் அனுபவத்தில் புதிதாக இருக்கலாம். எனக்கும் புதிதுதான். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது அம்மா. சண்டை போட்டுப் போட்டு அலுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் சண்டை போடாமல் இருந்தே அலுத்துப்போனவன்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று முதல் வகுப்பிலேயே சொன்னேன். என் ஒலிவாங்கி அணைந்திருந்ததாகப் பிறகு தெரிந்ததால் மறுபடி சொல்கிறேன். எனக்கு ஒரே மகள். அவளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி, பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அப்பாக்கள் இருவரும் ஸ்டோர் கீப்பர்கள், பேச விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு தபால் அட்டை நிறையாது. நான் சௌக்கியமா என்பேன். அவர் சௌக்கியம், நீங்கள் என்பார். நான் சௌக்கியம் என்பேன். பிறகு இருவரும் போனை அவரவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவோம். பகை எதுவும் கிடையாது, எல்லாம் மரியாதைதான். இதைப் பார்த்துச் சகிக்காமல் மகளும் மாப்பிள்ளையும் கூடிப் பேசி எங்கள் இருவரையும் தங்கள் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். பரிசாம். வாழ்நாளெல்லாம் கிடங்கில் கிடந்தவனுக்குக் கிடங்கையே பரிசாகக் கொடுக்கிறாயே என்று கேட்டேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள், ஜாலியாக இருக்கும் என்றாள். குழுக்களைக் கணினியே தன் இஷ்டத்துக்குப் பிரித்தது என்று தாங்கள் சொன்னீர்கள். அத்தனை பேரில் எங்கள் இருவரையும் பொறுக்கி எடுத்து ஒரே குழுவில் போடக் கணினிக்கு என்ன தலையெழுத்து? தங்களுக்கு என் மகள் எழுதிக் கேட்டிருப்பாள். கேட்டிருந்தாலும் சொல்ல வேண்டாம், தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது.

சேர்ந்து படித்தால்தான் படிப்பு நிற்கும் என்றும், அதனால் கூட்டுழைப்புக்குப் பாதி மதிப்பெண் என்றும், குழுவில் ஒருவருக்கு எவ்வளவோ மூவருக்கும் அவ்வளவுதான் என்றும் தாங்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். நல்ல எண்ணம்தான். ஆனால் சம்பந்திகள் கூட்டாக உழைப்பது எப்படி என்று தங்கள் பாடத்தில் எங்குமே இல்லை. வகுப்பு தொடங்கிய அன்றே என் மனைவி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாப்பிள்ளையின் அப்பாவைத் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு நம் பெண்தான் அங்கே தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று எச்சரித்தாள். சரி, அவராவது என்னைத் தப்பு என்று சொல்லியிருக்கலாம். அங்கே அவர் வீட்டு அம்மா, மாப்பிள்ளை வீட்டு முறுக்கு என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது, அவர் சொல்வதற்கெல்லாம் சரி சொல்லுங்கள் என்று அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார். இதை என் மகள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. ஆக, ஒரு குழுவில் மூன்று பேர், அதில் இரண்டு பேருக்கு வாயைத் திறக்க வீட்டில் அனுமதி இல்லை.

வகுப்பு முடிந்ததும் தாங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். நாங்கள் எங்கள் குழுவுக்கான சிறு அறையில் திரையில் தெரிந்துகொண்டிருப்போம். அந்தப் பெண்ணும் வேலை இருக்கிறது என்று போய்விடுவாள். பிறகு நாங்கள் இருவர். அவர் இருக்கும்போது நான் பட்டனை அழுத்தி வெளியேறினால் முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி ஆகாதா? அவருக்கும் அதே நினைப்பு, பெண்ணைக் கொடுத்தவரை உட்கார வைத்துவிட்டு எப்படி எழுந்து போவது என்று. அப்போ வைத்துவிடட்டுமா என்பார். தாராளமாக என்பேன். நீங்கள் முதலில் என்பார். அதெப்படி, நீங்கள்தான் என்பேன். இப்படியே உட்கார்ந்திருப்போம். ஒரு பிற்பகல் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தூங்குகிறவரை விட்டுவிட்டுப் போவது அதைவிட மோசம் என்று காத்திருந்து நானும் தூங்கிப்போனேன். இரண்டு பக்கமும் வீட்டம்மாக்கள் வந்து பார்த்து, ஆளுக்கொரு போர்வையைப் போர்த்திவிட்டு, கணினியை மட்டும் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். அணைத்தால் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று இங்கேயும் பயம், அங்கேயும் பயம்.

அதற்கு அடுத்த வாரம் தாங்கள் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டீர்கள். குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதியதில் ஒரு குறையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கூட்டுழைப்பு வளரும் என்று. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு விட மாட்டேன் என்கிறது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். கடைசியில், எழுத்து சற்றுச் சிறியதாகத் தெரிகிறது, என் கண்ணில்தான் கோளாறு என்று போட்டு அனுப்பினேன். என்னைப் பற்றி அவர், குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இதையே என் குறையாக ஏற்கவும் என்று போட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு உடம்பே கூசிவிட்டது. என் மனைவிக்கு விஷயம் தெரிந்து, எழுத்து சின்னது என்றா சொன்னீர்கள், அவர் மனது என்ன பாடுபடும் என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனது பாடுபட்டுத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் தட்டச்சு செய்யும் எழுத்து கடைப் பலகை எழுத்து மாதிரி ஆகிவிட்டது, ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் கொள்கிறது. ஏழாம் குழுவின் அறிக்கை ஏன் இத்தனை பக்கம் என்று தாங்கள் வகுப்பில் வியந்து பாராட்டினீர்கள். உள்ளே சரக்கு அவ்வளவு இல்லை அம்மா, எழுத்துதான் பெரிது.

இதெல்லாம் எங்களோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். குழுவின் மூன்றாவது ஆள் ஒரு பெண். ஒரு பல்பொருள் கடையின் பின்கட்டில் சரக்கு அடுக்குகிற வேலை. எப்போதும் அங்கிருந்தே ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வகுப்புக்கு வருவாள். அதனால் என் மனைவி அவளுக்கு அட்டைப்பெட்டிப் பெண் என்று பெயர் வைத்துவிட்டாள். அவளுக்கு இப்போது ஷிப்ட் வாராவாரம் மாறுகிறது. சின்னக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள், அவர்களும் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். பின்கட்டுக்கு ஒரு சூபர்வைசர் போடப்போகிறார்கள், பகல் வேலை மட்டும், சான்றிதழ் இருந்தால் அவளுக்கே தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருவரும் பிள்ளைகளின் திருப்திக்காகப் படிக்கிறோம். அவள் நிஜமாகவே படிக்கிறாள். எங்கள் மதிப்பெண்தான் அவள் மதிப்பெண். அவள் நிலைமை தெரிந்ததும், இறுதித் திட்டத்துக்கு அவள் கடையின் பின்கட்டையே எடுத்துக்கொண்டு, எந்தச் சரக்கு எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு அது ஒன்றுதான்.

மருந்துக் கிடங்கில் எங்களுக்கு ஒரே விதி, எது முதலில் கெடுமோ அது வாசல் பக்கம். அதனால் பால் பவுடர், பிஸ்கட் எல்லாம் முன்னால், சோப்புத்தூள் மூட்டை பின்னால் மேல்தட்டில் என்று நான் படம் போட்டேன். பஸ் போல்ட்டு கெட்டுப்போவதில்லை. அதனால் சம்பந்தியின் விதி வேறு, எது கனமோ அது வாசல் பக்கம், கீழ்த்தட்டில். அவர் படத்தில் சோப்புத்தூள் முன்னால், பால் பவுடர் கடைசி மூலையில். மூவரும் திருத்தக்கூடிய பொதுக் கோப்பில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியவர் போட்டதை நாம் மாற்றுவதா என்று, அவர் மதியம் கண்ணயர்ந்திருக்கும்போது நான் என் படத்தை அழித்துவிட்டு அவர் முறைப்படி மாற்றிவைத்தேன். அவர் அதிகாலையில் எழுகிறவர். ஐயோ, எனக்காகத் தன் படத்தையே அழித்துவிட்டாரே என்று நெகிழ்ந்துபோய், முழுவதையும் என் முறைக்கு மாற்றிவிட்டார். மதியம் நான் திறந்து பார்த்தேன். அட, விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று நானும் உருகிப்போனேன். திரும்ப அவர் முறைக்கு மாற்றினேன். இப்படி அவர் காலையில், நான் மதியம். இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு இருந்தோமே தவிர, இது எங்கே போய் முடியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கோப்பில் அதிகத் திருத்தங்கள் நடந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஏழாம் குழுவின் ஒத்துழைப்பு மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டு என்று தாங்கள் பாராட்டினீர்கள். நாங்களும் கைகூப்பிப் பெற்றுக்கொண்டோம்.

முந்தாநாள் வகுப்பில், எங்கள் குழுவின் சிறு அறையில், அட்டைப்பெட்டிப் பெண் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரம்மா என்றேன். முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள். என்ன ஆயிற்று என்று சம்பந்தி கேட்டார். அவள் போனைத் திருப்பிப் பின்கட்டைக் காட்டினாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் படத்தில் மாற்றியதை எல்லாம் அவள் நிஜத்தில் மாற்றியிருக்கிறாள். பெரியவர்கள், அனுபவசாலிகள், காரணம் இல்லாமலா சொல்வார்கள் என்று காலையில் ஒரு முறை அத்தனை பெட்டியையும் மூட்டையையும் உள்ளே தள்ளி, மாலையில் மறுபடி வெளியே இழுத்திருக்கிறாள். மேலாளர் ஒரு நாள் பார்த்துவிட்டு, இவளுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று மற்றவர்களிடம் கேட்டாராம். சூபர்வைசர் ஆக வேண்டிய பெண்ணை நாங்கள் இருவரும் சேர்ந்து கிறுக்கி ஆக்கிவிட்டோம்.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சார், காலையில சோப்புத்தூள் உள்ள. சாயங்காலம் வாசல்கிட்ட. நாளைக்கு எங்கன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, நான் அதுகிட்டயே நின்னுக்கறேன்" என்றாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு மரியாதைன்னு எனக்குத் தெரியும் சார். அவ்வளவையும் நான்தான் தூக்கிட்டிருக்கேன்."

இதற்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சம்பந்தி என்னைப் பார்த்து, மன்னிக்கணும் சம்பந்தி, என்னாலதான் என்றார். நான் அவரைப் பார்த்து, சேச்சே, என் மேலதான் தப்பு, நீங்கதான் மன்னிக்கணும் என்றேன். அவளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தோம். எப்போது அவள் போனை வைத்துவிட்டுப் போனாள் என்றுகூடத் தெரியாது.

அதனால்தான் இந்த மனு. நான் போய்விட்டால் ஒரே முறை, ஒரே படம். அவள் ஒரு தடவை அடுக்கினால் போதும். நாளை மாலைக்குள் ஒப்படைத்துவிடலாம். சம்பந்தியின் முறை நல்ல முறைதான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. தங்களிடம் மட்டும் சொல்கிறேன், அவர் முறை தப்பு. பால் பவுடரைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் தேதி முடிந்து கிடக்கும், கைக்குழந்தைக்கு வாங்கிப்போகிறவர்கள் வந்து கடை வாசலில் சண்டைக்கு நிற்பார்கள். ஒரு வாய் வார்த்தையாக இதை அவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் இடுப்பு நன்றாக இருந்திருக்கும். சொல்லத் துணிச்சல் இல்லாதவனுக்குக் குழு எதற்கு? என்னை விலக்குங்கள். இது சம்பந்திக்குத் தெரிய வேண்டாம், மனது கஷ்டப்படுவார்.

தாங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு என் நன்றி. தங்கள் பயிற்சி மேன்மேலும் வளரவும், தங்கள் மாணவர்கள் சொந்தபந்தம் இல்லாதவர்களாகவே அமையவும் மனமார வாழ்த்துகிறேன். என் மனைவியும் தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஏழாம் குழுவிலிருந்து விலகும் மாணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். இதை எப்படி அனுப்புவது என்று கணினியில் தேடிக்கொண்டிருந்தபோது அட்டைப்பெட்டிப் பெண் போன் செய்தாள். சம்பந்தி நேற்றே தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டாராம், தன்னை விலக்கிவிட்டு என்னையும் அவளையும் தேர்ச்சி பெற வைக்கும்படி. அனுப்பிய கையோடு, இனி உனக்குக் கவலை இல்லையம்மா என்று அவளிடம் சொல்லியும் இருக்கிறார். நானும் அதையேதான் எழுதி முடித்திருக்கிறேன் என்றேன். அவள் சொன்னாள்: "ரெண்டு பேராவது இல்லேன்னா குழுவே செல்லாதுன்னு டீச்சர் சொன்னாங்களே சார். எனக்காக ரெண்டு பேரும் விலகிட்டா, நான் யாரோட சேர்ந்து எழுதறது? தயவுசெஞ்சு இனிமே விட்டுக்குடுக்காதீங்க. சண்டை போடுங்க. நான் எழுதிக்கறேன்."

அவளிடம் இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு உடனே சம்பந்திக்குப் போன் போட்டேன். சௌக்கியமா என்று விசாரிக்கவில்லை. "உங்க முறை தப்பு, சம்பந்தி" என்றேன். அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி ஓடிவந்து என் வாயைப் பொத்தப் பார்த்தாள். என் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் என்னவாம்? சோப்புத்தூள் மூட்டையைக் கொண்டுபோய் மேல்தட்டுல வெச்சிருக்கீங்க. இழுக்கறப்ப அந்தப் பொண்ணு தலையில விழுந்தா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாத்திரைப் பெட்டி விழுந்து யாருக்கும் அடிபட்டதில்லை, அதனால் நான் அதை யோசித்ததே இல்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் பால் பவுடர் பேச்சை எடுத்தேன். அவரும் விடவில்லை. அவர் வீட்டு அம்மா அங்கே அழுதுகொண்டே என் மகளைக் கூப்பிட, அவள், விடுங்கள் அத்தை, பேசட்டும் என்றாளாம்.

இப்போது மூவரும் திரையில் இருக்கிறோம். கெடுவது வாசல் பக்கம், கனமானது கீழ்த்தட்டு என்பது வரை வந்திருக்கிறோம். எண்ணெய் டின் கெடுகிற சாமானா கனமான சாமானா என்பதில் நிற்கிறது. அவள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, எங்களில் யார் சொல்வது ஜெயிக்கிறதோ அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். ஆகவே சம்பந்தியின் கடிதத்தைப் பிரிக்காதீர்கள், பிரித்திருந்தால் மறந்துவிடுங்கள். ஒப்படைப்பதற்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தால் போதும். இரண்டு நாள் கேளுங்கள் என்று சம்பந்தி திரையிலிருந்து சொல்கிறார். அவர் சொல்வது தப்பு.